எது ஏற்றம்?

ஏக இறைவனின் திருப்பெயரால்...

 

நெல்லைச் சீமையில் உள்ள எமது மஹல்லாவில், பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவந்த பின் ஆண்டுதோறும் கல்விப் பரிசளிப்பு விழா நடைபெறுவது வழக்கம். இவ்வாண்டு ஜமாஅத் நிர்வாகத்தார் புதிதாக ஒரு தீர்மானம் செய்தார்கள். பள்ளிவாசலை ஒட்டிய மக்தபில் ஓதி, பிற்காலத்தில் வாழ்வில் முன்னேறிய முன்னாள் மாணவர்களையும் அதே மேடையில் சிறப்பிக்க வேண்டும் என்பதே அது. அம்மக்தபில் 22 ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருவதால், பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு எம்மிடம் வந்து சேர்ந்தது.

வாழ்வில் முன்னேறியவர் என்றால் யார் என்று நாம் செயலாளரிடம் கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை. அது விளக்கம் தேவைப்படாத ஒன்றாகவே இருவருக்கும் தோன்றியது. அன்றிரவு இஷாவுக்குப் பின் பழைய வருகைப் பதிவேடுகளை விரித்து வைத்து, பெயர் பெயராகப் பார்த்து, 34 பேரைத் தேர்ந்தெடுத்தோம். மருத்துவர் இருவர், பட்டயக் கணக்காளர் ஒருவர், துபாயிலும் தம்மாமிலும் பணியாற்றும் பொறியாளர்கள், பெங்களூரில் மென்பொருள் துறையில் இருப்பவர்கள், கோலாலம்பூரில் சொந்தமாக உணவகம் நடத்துபவர், வெளிமாவட்டங்களில் அரசுப் பணியில் இருப்போர் சிலர். எழுதி முடித்தபோது உள்ளத்தில் ஒரு நிறைவு. அலிஃப், பா, தா சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் இத்தனை தூரம் சென்றிருக்கிறார்களே என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டோம்.

தேநீர் கொண்டுவந்த எம் இல்லத்தார் அந்தத் தாளை எடுத்துப் படித்தார். பிறகு கேட்டார்:

"இதுல நம்ம ஊர்ல இருக்கறவங்க ஒருத்தர்கூட இல்லையே? பொம்பளைப் புள்ளைகளும் ரெண்டே ரெண்டு பேருதானா? வருசம் முழுக்க அதுகதானே முன்வரிசையில உக்காந்து ஓதுச்சுங்க?"

நாம் பதில் சொல்லவில்லை. மறுபடியும் பதிவேடுகளைப் புரட்டினோம். நாம் தாண்டிச் சென்ற பெயர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. எந்த வீட்டில் மவ்த் நிகழ்ந்தாலும் மையித்தைக் குளிப்பாட்ட முதல் ஆளாக வந்து நிற்பவர், மையவாடியில் நள்ளிரவிலும் குழி வெட்டுபவர், பள்ளிவாசலின் தண்ணீர் மோட்டார் பழுதானால் கூலி வாங்காமல் சரிசெய்து தரும் மெக்கானிக், பீடி சுற்றிக்கொண்டே தெருப் பெண்கள் பத்துப் பேருக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்த பெண்மணி. இவர்களும் எம்மிடம் ஓதியவர்களே. இவர்களைத் திட்டமிட்டு விலக்கினோம் என்று சொல்ல முடியாது. இவர்கள் நினைவுக்கே வரவில்லை. அதுதான் வேதனை.

பாங்கில் முஅத்தின் அழைக்கும் சொற்களுள் 'ஃபலாஹ்' என்பதும் ஒன்று. வெற்றியின் பக்கம் வாருங்கள் என்று ஒவ்வொரு பாங்கிலும் இருமுறை அழைக்கப்படுகிறோம். ஐவேளைக்கும் சேர்த்து ஒரு நாளில் பத்து முறை. அரபு மொழியில் அச்சொல்லின் வேர், நிலத்தைப் பிளத்தல், உழுதல் என்னும் பொருளை உடையது. உழவருக்கு 'ஃபல்லாஹ்' என்றே பெயர். மண்ணைக் கீறி, விதையை உள்ளே இட்டு, விளைச்சலை இறைவனிடம் ஒப்படைத்துக் காத்திருப்பவரின் வெற்றி அது. நாமோ தொழுகைக்கான அழைப்பில் அந்த வெற்றியைக் கேட்டுவிட்டு, பள்ளிவாசல் படியிறங்கியதும் வேறொரு வெற்றியைப் பேசத் தொடங்குகிறோம். எத்தனை மதிப்பெண், எந்தக் கல்லூரி, எவ்வளவு சம்பளம், எந்த நாடு என்பனவே அந்த வெற்றியின் அளவுகோல்கள்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வறுமையைப் புனிதமாக்குவது எமது நோக்கமன்று. இறைத்தூதர் (ஸல்) அவர்கள் வறுமையிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி) போன்ற பெரும் செல்வந்தர்கள் ஸஹாபாக்களில் இருந்தார்கள். அவர்களுடைய செல்வம் ஒருபோதும் குறையாகச் சொல்லப்படவில்லை. நம் சமுதாயம் கல்வியிலும் அரசு வேலைவாய்ப்பிலும் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை, 2005-இல் அமைக்கப்பட்ட நீதிபதி ராஜேந்திர சச்சார் குழு 2006 நவம்பரில் அளித்த அறிக்கை நாட்டின் முன் வைத்தது. 2007-இல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிடைத்தது. அதன் வழியே கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளை நாம் அறிவோம். அவர்களுக்காக துஆ செய்திருக்கிறோம், இனியும் செய்வோம். ஏணி வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஏணியில் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் கொண்டே மனிதரை அளக்கலாமா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வி எம்மை வேறொரு யோசனைக்குக் கொண்டுசென்றது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருடைய பெயருடனும் அவரை வளர்த்து ஆளாக்கிய தாய், தந்தையின் பெயரையும், அவர்கள் செய்த தொழிலையும் சேர்த்து மேடையில் வாசித்தால் என்ன? ஏணியில் ஏறியவரோடு, அதைத் தாங்கிப் பிடித்தவரும் சபையில் நினைக்கப்படுவாரே. நிர்வாகத்தாரிடம் சொன்னோம். "நல்ல யோசனை ஹஜ்ரத்" என்று ஒப்புக்கொண்டார்கள்.

எமது பகுதியில் தொழில் என்றால், பெண்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் பீடிதான். முற்காலத்தில் தறி ஓடிய வீடுகளில் பிறகு பீடித் தட்டு வந்து அமர்ந்தது. கடையிலிருந்து இலையும் தூளும் நூலும் வாங்கி வருவார்கள். இலையை நனைத்து, நீர் வடியவைத்து, அளவாக வெட்டி, தூளை இட்டுச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்குவார்கள். ஒரு நாளைக்கு 1000 பீடி சுற்றும் பெண் காலை முதல் இரவு வரை குனிந்த தலை நிமிர மாட்டாள். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லை என்று ஒதுக்கப்படுபவை போக மீதிக்கே கூலி.

பட்டியலில் இருந்த ஒரு பொறியாளரின் தாயார் இத்தகையவர். கணவர் இளம் வயதிலேயே மவ்த்தாகிவிட்டார். மகனுடைய பொறியியல் படிப்பு 4 ஆண்டுகள். நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாளொன்றுக்கு 1000, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 4 ஆண்டுகளில் 12 லட்சம் பீடிகள். 12 லட்சம் முறை அந்த விரல்கள் இலையைச் சுருட்டியிருக்கின்றன. பட்டமளிப்பு விழாவில் மகன் கையில் வாங்கிய தாள் அந்த விரல்களுக்குள் இருந்து வந்தது.

எம் இல்லத்தாருடன் அவருடைய வீட்டிற்குச் சென்றோம். மகன் கட்டிய மாடி வீடு, பளிங்குத் தரை. கதவுக்கு அப்பால் நின்று பேசினார். செய்தியைச் சொன்னதும் பதறிவிட்டார்.

"வேண்டாம் ஹஜ்ரத். எம்பேரச் சொல்லுங்க, அது போதும். பீடின்னுல்லாம் மேடையில சொல்லிராதீங்க. புள்ளைக்குக் கௌரவக் குறைச்சல்."

எம் இல்லத்தார் உள்ளே சென்று அமர்ந்து பேசிவிட்டு வந்தார். வழியில் ஒரு செய்தியைச் சொன்னார். அந்த அம்மையார் இன்றும் பீடி சுற்றுகிறாராம். மகன் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அவன் காணொளியில் அழைக்கும் வேளையில் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாராம். "கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்று சிரித்தாராம்.

இரண்டு நாள் கழித்து, அந்த மகனே தம்மாமிலிருந்து அழைத்தார். நல்ல பிள்ளை. தாய்க்கு மாதந்தோறும் தவறாமல் அனுப்புபவர். ஆண்டுதோறும் கணக்குப் பார்த்து ஜகாத்தைப் பிரித்துக் கொடுப்பவர். ஓர் எத்தீம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை வெளியே தெரியாமல் கட்டி வருபவர். விழாவுக்காகவே விடுப்பு எடுத்து வருவதாகச் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கினார்.

"ஹஜ்ரத், உம்மா பேரைக் கண்டிப்பாச் சொல்லுங்க. பீடி சுத்துனாங்கங்கிறத மட்டும் விட்டுருங்க. அன்னைக்குச் சம்பந்தக்காரங்கல்லாம் முன்னாடி உக்காந்திருப்பாங்க."

"உம்மாவின் உழைப்பில் வெட்கப்பட என்ன இருக்கிறது, தம்பி?" என்று கேட்டோம். ஓர் உஸ்தாதுக்கே உரிய குரலில்தான் கேட்டிருப்போம் என்று நினைக்கிறோம்.

மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு மிக மரியாதையாகச் சொன்னார்.

"நான் வெட்கப்படலை ஹஜ்ரத். மத்தவங்க கேவலமாப் பேசிருவாங்கன்னுதான். கோவிச்சுக்காதீங்க, மக்தப்ல நீங்கதான் சொல்வீங்க, ஒழுங்கா ஓதலைன்னா, படிக்கலைன்னா பீடிக்கடையிலதான் போய் நிக்கணும்னு. நான் அத மறக்கவே இல்ல. அதுக்குப் பயந்துதான் படிச்சேன்."

அவர் குறை சொல்லவில்லை, நன்றியாகவே சொன்னார். எமக்கோ நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆம், சொல்லியிருக்கிறோம். ஒருமுறையல்ல, 22 ஆண்டுகளாகச் சொல்லியிருக்கிறோம். பாடம் சொல்லாத பிள்ளையிடம், சேட்டை செய்த பிள்ளையிடம், எத்தனையோ முறை. அந்த அறையில் எம் முன்னே அமர்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேரின் உம்மாமார் அந்த நேரத்தில் வீட்டில் தட்டை மடியில் வைத்து அமர்ந்திருந்தார்கள். அவர்கள் கூலியிலிருந்துதான் மக்தபின் மாதச் சந்தாவும் வந்தது. உன் தாய் இருக்கும் இடம் ஒரு தண்டனை என்று, மார்க்கம் சொல்லிக்கொடுக்க அமர்ந்த இடத்திலிருந்து நாம்தான் அப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். கட்டிலுக்கு அடியில் அந்தத் தட்டைத் தள்ளிய கைகளில் எமது கையும் ஒன்று.

அன்று மஃரிபுக்குப் பின் மக்தபில் 'அம்ம' ஜுஸ்உவில் ஸூரத்துல் ஃபஜ்ர் பாடம். பிள்ளைகள் ஓத, நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். 30 வசனங்கள் கொண்ட அந்த அத்தியாயத்தின் 15, 16 ஆவது வசனங்கள் மனிதனின் ஒரு பழக்கத்தைப் பேசுகின்றன. வசதி கொடுத்துச் சோதிக்கப்பட்டால், இறைவன் தன்னைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்கிறான் மனிதன். வாழ்வாதாரம் சுருக்கப்பட்டால், தன்னை இழிவுபடுத்திவிட்டான் என்கிறான். அடுத்த வசனம் இரண்டையும் மறுக்கிறது. மறுத்துவிட்டு அது திரும்பும் இடம்தான் முக்கியம். நீங்கள் அநாதையைக் கண்ணியப்படுத்துவதில்லை, ஏழைக்கு உணவளிக்கத் தூண்டுவதில்லை என்று கேட்பவர் பக்கம் திரும்பிவிடுகிறது. யார் கண்ணியம் பெற்றவர் என்ற கேள்வி, யாருக்கு நீங்கள் கண்ணியம் கொடுத்தீர்கள் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

அதற்கு அடுத்த அத்தியாயம் அல்பலத். 20 வசனங்கள். எம்மிடம் ஓதும் எட்டு வயதுப் பிள்ளையும் மனனமாகச் சொல்லும். அதில் 'அகபா' என்று ஒரு சொல் வருகிறது. மலைமேல் ஏறிச் செல்லும் கடினமான ஏற்றப் பாதை என்பது அதன் பொருள். மனிதன் அந்த ஏற்றத்தில் ஏறவில்லையே என்று குறைசொல்லி, அந்த ஏற்றம் எதுவென்று குர்ஆனே கேட்டு, குர்ஆனே பதிலும் சொல்கிறது. அடிமையை விடுவிப்பது, பசி மிகுந்த நாளில் உறவினரான அநாதைக்கோ, மண்ணில் கிடக்கும் ஏழைக்கோ உணவளிப்பது, பிறகு ஈமான் கொண்டு, பொறுமையையும் இரக்கத்தையும் ஒருவருக்கொருவர் உபதேசிப்பவராக இருப்பது.

சிந்தித்துப் பாருங்கள். ஏற்றம் என்ற சொல்லையே அல்லாஹ் கையில் எடுக்கிறான். ஆனால் அந்த ஏற்றத்தில் மேலே போவது எப்படி? கீழே இருப்பவரிடம் குனிவதால். நாம் பிள்ளைகளுக்குச் சொன்ன ஏற்றமோ, கீழே இருப்பவரிடமிருந்து விலகிப் போவதாக இருந்தது. எத்தனை தூரம் விலகினாரோ அத்தனை பெரிய வெற்றி. ஆகவேதான் எமது 34 பெயர்களில் ஊரில் இருப்பவர் ஒருவர்கூட இல்லாமல் போனார்.

இன்னொன்றும் அந்த இரவில் விளங்கியது. ஒரு பிள்ளை படித்து மேலே சென்றுவிட்டால், அவன் வீட்டில் பீடித் தட்டு ஒருநாள் ஓய்ந்துவிடலாம். ஆனால் அந்தத் தட்டு எங்கே போகிறது? அடுத்த தெருவில் வேறொரு பெண்ணின் மடிக்குப் போகிறது. அதே கூலி, அதே இருமல், அதே முதுகுவலி. ஆள் மாறுகிறார், இருக்கை அப்படியே இருக்கிறது. சமூகத்தில் மேலே செல்வது என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் இருக்கை மாற்றம்தான். இஸ்லாம் ஜகாத்தைக் கடமையாக்கியதும், வக்ஃபை ஊக்குவித்ததும், வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்னதும் அந்த இருக்கையின் நிலையை மாற்றுவதற்காக. ஒருவர் இருவருக்கு ஏணி தேடுவதோடு நின்றுவிடாமல், எல்லோரும் நிற்கும் தரையையே உயர்த்துவது அதன் வழி.

1958-இல் மைக்கேல் யங் என்னும் பிரித்தானியச் சமூகவியலாளர், தகுதி ஒன்றைக் கொண்டே மேல், கீழ் என்று பிரிக்கப்பட்ட சமூகத்தைக் கற்பனை செய்து ஒரு நூல் எழுதினார். எச்சரிக்கையாக எழுதினார். உலகமோ அவர் பரவச் செய்த அந்தச் சொல்லைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது. அவருடைய அச்சம் எளிமையானது: மேலே இருப்பவர் தம் தகுதியாலேயே அங்கே இருப்பதாக நம்பிவிடுவார், கீழே இருப்பவர் தம் குறையாலேயே அங்கே இருப்பதாக நம்பவைக்கப்படுவார். நமக்கு இது புதிய செய்தியன்று. காரூனின் வரலாறு ஸூரத்துல் கஸஸில் உள்ளது. தன்னிடமுள்ள அறிவினாலேயே இச்செல்வம் தனக்குக் கிடைத்தது என்று சொன்னவன் அவன். அவன் அலங்காரத்தோடு வெளிவந்தபோது, இவனுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கக் கூடாதா என்று ஏங்கியவர்கள் இருந்தார்கள். நாம் பரிசளிப்பு விழாக்களில் கைதட்டும்போது எந்த வரிசையில் அமர்ந்திருக்கிறோம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த ஒரு கறுப்பினப் பெண்மணியைப் பற்றி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் ஹதீஸ் உண்டு. அவரைக் காணவில்லையே என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்றார்கள் தோழர்கள். அது தெரிவிக்க வேண்டிய பெரிய செய்தியாக அவர்களுக்குத் தோன்றவில்லை போலும். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்ட நபியவர்கள், கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுகை நடத்தினார்கள். ஸஹாபாக்களின் பட்டியலிலேயே ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது. அதை நபியவர்கள் திருத்தினார்கள். இந்த ஹதீஸையும் நாம் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறோம். பள்ளிவாசலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பாடத்திற்காக மட்டும்.

எம் வீட்டுக் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இவ்வாண்டு எம் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான். நல்ல மதிப்பெண். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கச் சொன்னோம். அவனோ, "வாப்பா, அரபிக் கல்லூரிக்குப் போகலாம்னு நினைக்கிறேன். உங்களை மாதிரி ஓதிக்கொடுக்கணும்னு ஆசையா இருக்கு" என்றான். எந்த உஸ்தாதும் அழ வேண்டிய ஆனந்தச் செய்தி அது. எம் வாயிலிருந்து வந்தது இதுதான்: "நாம் பட்டது போதும். நீயாவது நல்லா இரு."

எமது ஊதியம் எவ்வளவு என்பதை அவன் அறிவான். மாதக் கடைசியில் அவன் உம்மா யாரிடம் கைமாற்று வாங்குவார் என்பதும் அவனுக்குத் தெரியும். எனவே எமது அச்சம் முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஜும்ஆ நாளில், மார்க்கக் கல்விக்குப் பிள்ளைகளைத் தாருங்கள் என்று ஊராரிடம் கேட்ட அதே நாக்குதான் வீட்டில் இதைச் சொன்னது. ஊராரின் பிள்ளைகள் ஆலிமாக வேண்டும்; எம் பிள்ளை மட்டும் நன்றாக இருக்க வேண்டும். அன்று அவன் எதுவும் பேசாமல் எழுந்து போனான். தம்மாமிலிருந்து வந்த அழைப்புக்குப் பிறகுதான் அந்த மௌனம் எமக்குக் கேட்டது. பீடிக்கடையைக் காட்டிப் பிறர் பிள்ளைகளை மிரட்டிய நாம், எம் பிள்ளையை மிரட்ட எம்மையே காட்டியிருக்கிறோம்.

விழா நடந்தது. 34 பெயர்களோடு ஊரில் இருக்கும் சிலரையும் சேர்க்கக் கேட்டோம். நிர்வாகத்தார் மையித்துப் பணி செய்பவரையும் மோட்டார் மெக்கானிக்கையும் அழைக்க இணங்கினார்கள். முன்னவர் வந்தார். பின்னவர் வேலை இருப்பதாகச் சொல்லி வரவில்லை. பெற்றோரின் பெயர்களை வாசித்தோம்; தொழில்களை வாசிக்கவில்லை. அந்தத் தாயும் மகனும் கேட்டுக்கொண்ட பிறகு, அவர்களுடைய வாழ்க்கையைக் கொண்டு ஊருக்குப் பாடம் நடத்த எமக்கு உரிமையில்லை. அவர்களுடைய கூச்சத்தை உண்டாக்கியவர்களே அதை மேடையில் வைத்து உடைக்க முனைவது இன்னோர் அநீதி.

ஆனால் எமக்குத் தந்த ஐந்து நிமிடத்தில் யாருடைய பெயரையும் குறிப்பிடாமல் ஒன்றைச் சொன்னோம். இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளிடம் பீடிக்கடையைச் சொல்லி மிரட்டியது எமது தவறு. உங்கள் உம்மாமாரின் ஹலாலான உழைப்பை நாம் இழிவாகப் பேசிவிட்டோம். அல்லாஹ்வுக்காக எம்மை மன்னித்துவிடுங்கள் என்றோம். கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. திரைக்கு அப்பால் பெண்கள் பகுதியிலும் சத்தமில்லை. விழா முடிந்து இறங்கியபோது ஒரு பெரியவர், "அதையெல்லாம் இங்கே ஏன் ஹஜ்ரத் பேசணும்?" என்றார். அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருக்கலாம். புகையிலைத் தொழில் நம் பெண்களின் உடலைக் கெடுக்கிறது; அதிலிருந்து அவர்கள் வெளியேறத்தான் வேண்டும். தொழிலின் தீங்கைச் சொல்வது வேறு, தொழிலாளியைத் தாழ்த்துவது வேறு. இவ்விரண்டையும் நாம் நெடுங்காலம் ஒன்றாக்கிவிட்டோம்.

இப்போது மக்தபில் சில சிறிய மாற்றங்கள் செய்திருக்கிறோம். அந்த மிரட்டலை நிறுத்திவிட்டோம். நாக்கு பழகிவிட்டதால் சில நேரம் பாதியில் விழுங்க வேண்டியிருக்கிறது. பீடித் தொழிலாளருக்கென 1966-இல் ஒரு சட்டமும், நல நிதிக்காக 1976-இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டன. வீட்டில் இருந்து சுற்றும் பெண்களும் தொழிலாளர்களே என்பதை முதற்சட்டமே ஏற்றிருந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் உண்டு. எமது தெருக்களில் பலர் அடையாள அட்டை இல்லாததாலோ, விண்ணப்பிக்கத் தெரியாததாலோ அதைப் பெறாமல் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் ஃபஜ்ருக்குப் பின் மக்தபில் அமர்ந்து, கல்லூரிப் பிள்ளைகள் இருவரின் துணையோடு அந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிறோம். தம்மாமில் இருக்கும் அந்தத் தம்பி, இதற்காக ஒரு மடிக்கணினி வாங்கி அனுப்பினார். தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். இம்முறை அந்த வேண்டுகோள் எமக்கு வலிக்கவில்லை.

மகனிடமும் பேசினோம். "அன்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம்" என்றோம். அவன் சிரித்தான், இன்னும் முடிவு சொல்லவில்லை. பட்டப்படிப்போடு சேர்த்து ஆலிம் பாடமும் நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன, விசாரித்துக்கொண்டிருக்கிறான். அவன் எந்தப் பக்கம் போனாலும் எமது அச்சம் உடனே நீங்கிவிடப் போவதில்லை. மாதக் கடைசி மாதக் கடைசியாகத்தான் இருக்கும். ஆனால் எது படித்தாலும், எங்கே போனாலும், அகபாவின் மீது ஏறுகிறாயா என்று மட்டும் அவனிடம் கேட்போம். அதை முதலில் எம்மிடம் கேட்டுக்கொண்ட பிறகு.

அன்புச் சொந்தங்களே! உங்கள் ஊரிலும் இதுபோன்ற விழாக்கள் நடக்கும், பட்டியல்கள் எழுதப்படும். எழுதி முடித்ததும் வீட்டில் உள்ளவர்களிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். விடுபட்ட பெயர்கள் அவர்களுக்குத் தெரியும்.

எம் பிள்ளைகளுக்கு விசாலமான ரிஸ்கையும், அதில் பரக்கத்தையும், அது வந்தபின் கீழே குனியும் உள்ளத்தையும் வல்ல ரஹ்மான் வழங்குவானாக! எமது நாவினால் புண்பட்ட உள்ளங்களை அவனே ஆற்றுவானாக! பாங்கில் அழைக்கப்படும் அந்த வெற்றியில் நம் அனைவரையும், நாம் மறந்துபோனவர்களையும் ஒன்றுசேர்ப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.